வேப்பம்பட்டில் கேட்ட சீழ்க்கை

எங்கள் கல்லூரியின் மின்னணுவியல் துறையில் பத்தொன்பது பேர் வேலை பார்த்தோம். அதில் எட்டுப் பேர் முனைவர்கள். காந்தப் புலத்துக்குள் அகப்பட்ட பிளாஸ்மாவில் மின்காந்த அலை எப்படிப் போகிறது என்பது அந்தத் துறையில் ஒரே ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது. அவர் படித்தது டிப்ளமோ. பெயர் நாகவல்லி. ஆய்வகத்தில் கருவிகளை எடுத்து வைப்பது, பழுது பார்ப்பது, மாணவர்கள் கருக்கிவிட்ட ஒயர்களை மாற்றுவது, இவைதான் அவர் வேலை.

எட்டு முனைவர்களில் நானும் ஒருவன். என் பெயர் மனோகரன். யாரையாவது நான் கேவலமாகப் பேசுவதாகத் தோன்றினால், அவர்கள் பக்கத்தில் என்னையும் நிற்கவைத்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகவல்லியின் பெற்றோர் குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல்கள் மனைகளாகவும் குடோன்களாகவும் ஆனபோது, அப்பா அதில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன் ஆனார். மகள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றும் சின்னப் பட்டறை ஒன்றில் நான்கு வருடம் இருந்தார். கம்பியை விரலில் உருட்டிப் பார்த்தே அது எத்தனை கேஜ் என்று சொல்லிவிடுவார். ஆவடி மின்ரயில் பணிமனையில் டெக்னீஷியனாக இருக்கும் கோவிந்தனைக் கல்யாணம் செய்துகொண்டு அம்பத்தூரிலேயே குடியிருந்தார். காலையில் ஊரே சென்னையைப் பார்த்து நெருக்கியடித்துப் போகும்போது, இவர் எதிர்த்திசை வண்டியில் வசதியாக உட்கார்ந்து வேப்பம்பட்டுக்கு வருவார். பதினோரு வருடம் அப்படி வந்தார்.

கல்லூரி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்டவாளத்துக்கும் எங்கள் துறைக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு மதில் சுவரும் கொஞ்சம் கருவேல மரங்களும்தான். மொட்டை மாடியில் நின்றால், பிளாட்பாரத்தில் யார் வாழைப்பழம் உரிக்கிறார்கள் என்பது வரை தெரியும். இதைக் கவனிக்காமல் விட்டதால்தான் எங்கள் துறைத் தலைவர் உலகநாதன் சர்வதேசப் புகழ் பெற்றார்.

உலகநாதனின் முனைவர் பட்டம் ‘காந்தமூட்டப்பட்ட பிளாஸ்மாவில் மின்காந்த அலைகளின் பரவல்’ என்பது பற்றியது. இந்தத் தலைப்பை அவர் ஒரே மூச்சில் சொல்வார். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் மூச்சு வாங்கும். வகுப்பில் கரும்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே சமன்பாட்டை எழுதுவார். எழுதும்வரை முதுகைத்தான் காட்டுவார். முடிந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, டஸ்டரால் பலகையையும் துடைத்துவிட்டு, அடுத்த வகுப்பில் தொடர்வோம் என்று போய்விடுவார். மாணவர்கள் அவரைப் பெரிய மேதை என்று நம்பினார்கள். புரியாமல் பேசுகிறவரை மேதை என்று நம்பும் பழக்கம் எங்கள் கல்லூரியில் நிர்வாகத்திடமிருந்து மாணவர்களுக்கு வந்தது.

தர மதிப்பீட்டுக் குழு அடுத்த வருடம் வருகிறது, அதற்குள் எல்லாத் துறையும் ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. ஆராய்ச்சி என்பது பெயிண்ட் அடிப்பது போல, ஆள் வருவதற்கு முன்னால் முடித்துவிடுகிற காரியம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். உலகநாதன் சீழ்க்கை அலைகளைப் பதிவு செய்யப்போவதாக அறிவித்தார்.

சீழ்க்கை அலை என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது நாகவல்லிதான். எங்கள் நூலகத்தில் பிளாஸ்மா அலைகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதன் கடைசித் தாளில் தேதி முத்திரை ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. உலகநாதன் ஆண்டெனா செய்யச் சொன்னவுடன், எதைப் பிடிக்கப்போகிற ஆண்டெனா என்று தெரிந்துகொள்வதற்காக நாகவல்லி அதை எடுத்துப் போனார். இங்கிலீஷ் தடுக்கிய இடத்தில் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். கணக்கு தடுக்கிய இடத்தில் என்னிடம் வந்தார். முதல் இரண்டு சந்தேகத்துக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போனேன்.

அவர் சொன்னது இதுதான். சூரிய ஒளி மேல்காற்றை உடைத்து எலக்ட்ரானும் அயனியுமாக ஆக்கி வைத்திருக்கிறது. அதுதான் அங்கே இருக்கும் பிளாஸ்மா. கீழ்ச்சுருதி அலை, அதாவது அதிர்வெண் குறைந்த அலை, அதில் மோதினால் உள்ளே போக முடியாமல் திரும்பிவிடும். ஆனால் பூமியின் காந்தம் அந்த எலக்ட்ரான்களைப் பிடித்து ஒரே திசையில் சுழலவிடுகிறது. அதே திசையில் சுழன்றுகொண்டு வரும் அலைக்கு மட்டும் வழி திறக்கிறது. மின்னல் வெட்டும்போது பிறக்கும் அலை அந்த வழியில் நுழைந்து, பூமியின் காந்தக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, பூமியின் மறு பாதியில் போய் இறங்கும். போகும்போது மேல்சுருதி முந்தும், கீழ்ச்சுருதி பிந்தும். அதனால் இங்கே ‘பட்’ என்று ஒன்றாகக் கிளம்பியது, அங்கே போய்ச் சேரும்போது மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் சீழ்க்கையாக இருக்கும். நீளக் கம்பியைச் சுற்றி ஒரு ஒலிபெருக்கியில் இணைத்தால் காதாலேயே கேட்கலாம்.

மூன்று நாள் உட்கார்ந்து நாகவல்லி அந்த ஆண்டெனாவைச் சுற்றினார். ஆள் உயர மரச்சட்டம். ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறாமல், நெசவு போல இருந்தது. மொட்டை மாடியில் ஏற்றி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பதிவாகும்படி கம்ப்யூட்டரில் பொருத்தினோம். சீழ்க்கை அலை பெரும்பாலும் ராத்திரியில்தான் கேட்கும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. பகலில் வெயில் உண்டாக்கும் பிளாஸ்மாவின் அடி அடுக்கு அதை உறிஞ்சிவிடும். நாகவல்லி இதைச் சொன்னார். ராத்திரியில் மின்சாரத்துக்கும் செக்யூரிட்டிக்கும் யார் அனுமதி வாங்குவது என்று உலகநாதன் கேட்டார். ஆகவே இயற்கை அலுவலக நேரத்துக்கு மாற்றப்பட்டது.

இரண்டாம் நாள் காலையிலேயே சீழ்க்கை கேட்டது. உயரத்தில் தொடங்கி, நீளமாக, சுத்தமாக வழுக்கி இறங்கியது. ஆய்வகத்தில் அப்போது நாகவல்லி மட்டும்தான் இருந்தார். எங்கேயோ தென்கடலுக்கு அப்பால் விழுந்த மின்னல், ஆகாயத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, தான் சுற்றிய கம்பியில் இறங்குகிறது என்று நினைத்தாராம். கையில் மயிர் கூச்செறிந்தது என்று பின்னால் சொன்னார். அன்றைக்கு அவரும் நம்பினார். இதை மறைத்து அவரைப் பெரிய ஆளாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆறு மாதம் நம்பினார்.

உலகநாதன் துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். தினமும் இருபது, முப்பது சீழ்க்கைகள் கிடைத்தன. உலகத்தில் பெரிய ஆய்வு நிலையங்களுக்கெல்லாம் குளிர்காலத்தில் கிடைப்பது எங்களுக்குக் கோடையிலேயே கிடைத்தது. ஒரே ஒரு சிக்கல். புத்தகத்தில் சீழ்க்கை அரை நொடி நீளம், மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று நொடி. எங்களுடையது பன்னிரண்டு நொடி. கணக்குப் போட்டால் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் பிளாஸ்மா மற்ற இடத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அடர்த்தியாக இருக்கவேண்டும் என்று வந்தது. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பார். உலகநாதன் அதற்கு ‘வேப்பம்பட்டு முரண்’ என்று பெயர் வைத்தார். தொண்ணூறு வருடமாக உலகம் பயன்படுத்திவரும் சமன்பாட்டில் ஒரு புது உறுப்பைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்த உறுப்பை எழுதிக் கொடுத்தவன் நான். கட்டுரையில் மூன்றாவது பெயர் என்னுடையது.

சீழ்க்கைகளோடு இன்னொன்றும் பதிவானது. கீழிருந்து மேலே ஏறும் ஓசை. ஒவ்வொரு இறங்குசீழ்க்கைக்குப் பின்னும் முப்பது நாற்பது நொடியில் ஒரு ஏறுசீழ்க்கை தவறாமல் வந்தது. உலகநாதன் அதை, பிளாஸ்மா தானாக வெளியிடும் எதிரொலி என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுமே குறைந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டின் தொழிற்சாலைகள் விடுமுறையில் இருப்பதால் ஆகாயத்தின் பிளாஸ்மா ஓய்வெடுக்கிறது என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் வண்டிகள் குறைவு என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் காரில் வருபவர்.

நாகவல்லி ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் மணி, நிமிடம், நொடி போட்டு எழுதிவந்தார். ஒரு மத்தியானம் அந்த நோட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், காந்தக் கோட்டப் புடிச்சிகினுதானே அலை மேல ஏறணும்? நம்ம ஊர்ல கோடு கிட்டத்தட்ட படுத்துக்கினு கீது. போட்டுப் பாத்தேன். அது நூறு கிலோமீட்டர் ஏறுறதுக்குள்ள கீழ எறங்கிடுது. நெறைய பிளாஸ்மா கீறது முந்நூறுல. அங்க போவாமயே எப்டி சார் இவ்ளோ இழுக்குது?"

காந்த நடுக்கோடு நம் தெற்கு மாவட்டங்களுக்குப் பக்கத்தில் போகிறது என்பதும், அதற்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊரில் காந்தக் கோடு தாழ்வாகவே வளைந்து திரும்பிவிடும் என்பதும் எனக்கும் தெரியும். வட இந்தியாவில் கேட்டிருக்கிறார்கள், அங்கே கோடு உயரமாக ஏறும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் புது உறுப்பு அதைச் சரிசெய்கிறது என்று சொன்னேன்.

"அந்த டேர்ம் நீங்க போட்டதுதானே சார்?" என்றார்.

நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அன்று மாலை அவர் பதிவுகளில் சிலவற்றைப் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கோவிந்தன் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இவர் எதிரே உட்கார்ந்து ஒன்றைப் போட்டு, மறுபடி போட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோவிந்தன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இன்னாமே, ஊட்டுக்கு வந்தும் வண்டி சத்தத்தையே கேட்டுகினு கீற?"

"இன்னா வண்டி?"

"புது லோக்கலு. த்ரீ ஃபேஸ் மோட்டாரு. பிரேக் புடிக்கிறான் பாரு, அதான் எறங்குது. இரு, இப்போ கிளம்புவான்." ரசத்தை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். ஏறுசீழ்க்கை வந்தது. "கிளம்பிட்டான்," என்றார்.

நாகவல்லி அன்று சாப்பிடவில்லை. உலகநாதன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லையாம். பதினோரு வருடமாக ஏறி இறங்குகிற வண்டி, அதன் குரல் கம்பி வழியாக வந்தபோது மின்னல் என்று நம்பி மயிர் கூச்செறிந்த தன் மேல்தான் வந்ததாம்.

மறுநாள் ரயில் நேர அட்டவணையை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வாரத்துப் பதிவில் நான்கைந்தைத் தவிர எல்லாம் பொருந்தின. பொருந்தாதவை வண்டி தாமதமான நாட்கள் என்று கோவிந்தன் பணிமனையில் விசாரித்துச் சொன்னார். நாகவல்லி நேராக உலகநாதனின் அறைக்குப் போனார். நானும் அப்போது அங்கே ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன். அவர் நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து, நடந்ததை அப்படியே சொன்னார். வண்டியின் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண் வேகத்தோடு ஏறி இறங்கும், அதைத்தான் நம் கம்பி வாங்குகிறது என்றார்.

உலகநாதன் நோட்டைப் பார்க்கவில்லை.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"டிப்ளமோ சார்."

"நான்?"

நாகவல்லி நோட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"ரயில் கீழ ஓடுது. நம்ம அலை மேலேர்ந்து வருது. இது கூடத் தெரியாம நோட்டைத் தூக்கிட்டு வந்துட்ட," என்றார். இனிமேல் நிமிடமும் நொடியும் எழுதவேண்டாம், காலை, மாலை என்று எழுதினால் போதும் என்றும் உத்தரவு போட்டார். அதிகமான துல்லியம் ஆராய்ச்சியைக் குழப்பும் என்றார். இருபத்தாறு வருட ஆசிரியர் வாழ்வில் அவர் தன் துறையைப் பற்றிச் சொன்ன ஒரே சொந்தக் கருத்து அதுதான்.

வெளியே வந்ததும் நாகவல்லி என்னைப் பார்த்தார். குழு வந்துவிட்டுப் போகட்டும், அதற்கப்புறம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் "சரி சார்" என்றார். என்னை யாரும் அதைவிடச் சுருக்கமாகக் காறித் துப்பியதில்லை. அன்றிலிருந்து துறை நோட்டில் காலை, மாலை என்று எழுதினார். தன் சொந்த நோட்டில் நொடிவரை எழுதினார்.

குழு வரும் வாரத்தில் கல்லூரிக்கு வாடகைப் பூந்தொட்டிகள் வந்தன. நூலகத்தில் மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து படித்தார்கள். துறைக்குத் துறை ஒரே நிறத்தில் புடவையும் சட்டையும். எங்களுக்கு வெளிர் ஊதா. குழுவில் நான்கு ஆண்கள், ஒரு பெண். ஆண்கள் கழிப்பறை, கேன்டீன், தீயணைப்புக் கருவி ஆகியவற்றை ஆர்வமாகப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் நிவேதிதா. மேல்காற்று ஆராய்ச்சியில் இருபது வருடம் இருந்தவர். எங்கள் ஆய்வகத்துக்கு அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் உலகநாதன் மகிழ்ந்தார். தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்.

லேப்டாப்பில் ஆகச் சிறந்த பதிவை வைத்திருந்தார். சுவரில் புது உறுப்போடு கூடிய சமன்பாடு சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. நிவேதிதா உட்காராமல் நின்றே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். இது எத்தனை மணிக்குப் பதிவானது என்று கேட்டார். காலை வேளை என்றார் உலகநாதன். காலை எத்தனை மணி என்று கேட்டார். காலை வேளைதான் என்றார் உலகநாதன்.

நிவேதிதா மாடிக்குப் போய் ஆண்டெனாவைப் பார்த்தார். சுற்றின் மேல் விரலை ஓட்டினார். திரும்பி வந்து, இதைச் சுற்றியது யார் என்றார். வெளிர் ஊதாக் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து நாகவல்லி முன்னால் வந்தார்.

"ரொம்ப நல்லா சுத்தியிருக்கீங்க. இதுல கேக்குறது என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"

உலகநாதன் முந்திக்கொண்டு, இவர் டெக்னீஷியன், விளக்கத்தைத் தான் தருவதாகச் சொன்னார். நிவேதிதா அவர் பக்கம் திரும்பவில்லை. நாகவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், பதினொண்ணு பதினாலுக்கு ஒண்ணு வரும். நாலு நிமிஷம் கீது. நேராவே கேட்டுடுங்க."

அவர் லேப்டாப்பிலிருந்து ஒயரைப் பிடுங்கி, மாடியிலிருந்து வரும் கம்பியில் ஸ்பீக்கரை இணைத்தார். கரகரப்பும் மின்சார ஹம்மும் கேட்டன. எல்லோரும் நின்றோம். பதினொன்று பதினாலு ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. பதினைந்து ஆயிற்று. உலகநாதன் புன்னகை செய்யத் தொடங்கினார். இயற்கை நம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது என்று குழுவைப் பார்த்துச் சொன்னார். நாகவல்லி அசையவில்லை. நான் தரையில் பதித்திருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பதினாறுக்குச் சீழ்க்கை வந்தது. உயரத்திலிருந்து, நீளமாக, சுத்தமாக.

"இது பிரேக்," என்றார் நாகவல்லி. ஜன்னலைத் திறந்தார். கருவேல மரங்களுக்கு அப்பால் பச்சையும் வெள்ளையுமாக ரயில் பெட்டிகள் மெதுவாக வந்து நின்றன. "திருவள்ளூர் லோக்கல் மேடம். ரெண்டு நிமிஷம் லேட்டு. இப்போ ஜனங்க எறங்குறாங்க." முப்பது நொடி ஸ்பீக்கரில் கரகரப்பு மட்டும் கேட்டது. "இப்போ கிளம்பும்."

ஏறுசீழ்க்கை கேட்டது. ஜன்னலில் பெட்டிகள் நகர்ந்தன.

பின்வரிசையில் ஒரு மாணவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். நிவேதிதா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சமன்பாட்டின் முன் போய் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் படித்தார்.

"சார், இந்தப் புது டேர்ம் திருவள்ளூரோட நின்னுடுமா, அரக்கோணம் வரைக்கும் போகுமா?"

உலகநாதன், பதிவில் மனிதச் செயல்பாடுகளின் கூறும் கொஞ்சம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அதைத்தான் அடுத்த கட்டத்தில் ஆராயவிருக்கிறோம் என்றார். சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. அதைக் கேட்டபோதுதான் அந்த மனிதர் ஏன் துறைத் தலைவர், நான் ஏன் அவருக்குக் கீழே என்பது எனக்கு விளங்கியது.

குழு கிளம்பிப் போனது. எங்கள் கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. கழிப்பறைகள் நன்றாக இருந்தனவாம். நிவேதிதா அறிக்கையில் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தார். அலைவாங்கி மிகச் சிறப்பாக அமைக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. அது வாங்குவது எதை என்பதைத் துறை இனிமேலாவது அறிய முயலவேண்டும் என்பது இரண்டாவது. பாராட்டுக் கூட்டத்தில் முதல்வர் முதல் வாக்கியத்தை மட்டும் மைக்கில் வாசித்து, உலகநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்த வாரமே நாகவல்லியை ஆய்வகத்திலிருந்து எடுத்து, விடுதியில் அடையாள அட்டை அச்சடிக்கும் இடத்தில் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய திறமையை நிர்வாகம் வேறு இடத்திலும் பயன்படுத்த விரும்புவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் அட்டை அடித்தார். அதில் ஒரு நாள் உலகநாதன் ஆள் அனுப்பி அந்தச் சொந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துறையின் சொத்து என்றார். நாகவல்லி கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பதாகவும், அந்த நோட்டாவது அந்த ஆளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும் என்று நினைத்ததாகவும் சொன்னார். மூன்றாம் மாதம் வேலையை விட்டார்.

அரை வருடம் கழித்து உலகநாதனின் மூன்றாவது கட்டுரை வந்தது. ரயில் பாதைகளின் இரைச்சலிலிருந்து இயற்கையான சீழ்க்கை அலைகளைப் பிரித்தெடுக்கும் புதிய முறை என்று தலைப்பு. முறை என்பது ரயில் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அட்டவணைகள் அத்தனையும் நாகவல்லியின் நோட்டு. நன்றி சொல்லும் பகுதியில் தாளாளருக்கும் தன் தாயாருக்கும் நன்றி சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு மிச்சம் எத்தனை சீழ்க்கை கிடைத்தது என்பதைக் கட்டுரையில் எங்கேயும் பார்க்கமுடியாது. பூஜ்யம் என்பதால் விட்டிருந்தார். இப்போது அவர் கல்லூரியின் ஆராய்ச்சிப் புல முதன்மையர்.

அந்தக் கட்டுரையில் என் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான். பிறகு மனசு அரித்ததால், முதல் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று அது வந்த இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அஞ்சல் திரும்பி வந்தது. இணையதளத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த முகவரியில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

நாகவல்லிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வேலை கிடைத்தது. பழைய பட்டறைக்காரர் ஒருவர் சொல்லிச் சேர்த்துவிட்டார். மோட்டார், சார்ஜர், மின் அடுப்பு போன்றவை தேவையில்லாத அலைகளைக் கக்குகின்றனவா என்று சோதித்துச் சான்று தரும் நிறுவனம். நாலு பக்கமும் உலோகத் தகடு அடித்த அறைக்குள் உட்கார்ந்து, எந்த இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. சேர்ந்து ஒரு வருடத்துக்குள் அந்தப் பிரிவுக்கே அவரைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன ஜனவரியில் ஒரு நாள் கார் பழுதாகி நான் லோக்கலில் போகவேண்டியிருந்தது. அம்பத்தூரில் அவர் ஏறினார். தப்பித்துப்போக வழியில்லாமல் நானே கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உலகநாதனைப் பற்றி விசாரிக்கவே இல்லை. அவரைப் பற்றி நான் ஆரம்பித்தபோது, கொட்டாவி விட்டார்.

டிசம்பரில் கோவிந்தனின் ரயில்வே பாஸில் குடும்பத்தோடு காசிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். காசியில் காந்தக் கோடு உயரமாக ஏறுகிறது, அங்கே சீழ்க்கை அலை கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருந்ததாம். மடக்கக்கூடிய சட்டத்தில் புதிதாக ஒரு ஆண்டெனா சுற்றி, புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். ஸ்டேஷனில் போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது கொடியில் துணி காயப்போட என்று கோவிந்தன் சமாளித்தாராம்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"மூணு நாள் விடியக்காலம் எழுந்து லாட்ஜ் மாடில ஒக்காந்தேன் சார். பனின்னா பனி. பக்கத்து லாட்ஜ் ஜெனரேட்டருதான் கேட்டுச்சி. வேற ஒண்ணும் கேக்கல."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துக் காட்டினார். மூன்று தேதிகள், தொடங்கிய மணி, முடித்த மணி, ஜெனரேட்டர் ஓடிய நேரம் எல்லாம் நிமிடக் கணக்கில் இருந்தன. மூன்றுக்கும் எதிரே ‘கேக்கல’ என்று பேனாவால் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

அடுத்த தடவை லாட்ஜ் மாடி உதவாது, படகில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் மணலில் வைத்துக் கேட்கவேண்டும், அங்கே கரண்டு ஒயர் கிடையாது என்றார். கோவிந்தனுக்கு அடுத்த பாஸ் வருகிற டிசம்பரில்தான்.